ஏறின கியர்லயே இறங்கோணும்!

கொண்டை ஊசி வளைவு 51/70.

கொல்லிமலைப் பாதையில் உள்ள அந்தப் பலகையை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அதற்கு முப்பது அடி முன்னால்தான் என் பைக், ‘இனி உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை’ என்று இரண்டாவது கியரிலிருந்து தானாகவே வெளியே வந்தது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. பின் ஸீட்டில், அடுத்த மாதம் தாலி கட்டவேண்டிய என் மைத்துனன். அவன் மடியில் மஞ்சப்பை. பைக்குள் மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகள்.

இருங்கள். கியரை அவசரமாகப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. நானே அவசரப்படக் கூடாது. முதல் கியரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் பி.காம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் அடுத்தவர்கள் லாபத்தைக் கூட்டிக் கழித்துவிட்டு, சொந்தமாக நஷ்டப்படலாமே என்று எழுத வந்தவன். என் சொத்து, ஏழு வருஷ வயதுள்ள ஒரு 150 சிசி பைக். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு கம்பெனி மேல் இல்லை. என் இடது கால் மேல்.

2024 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. மைத்துனனுக்கு ஐப்பசியில் கல்யாணம். “முதல் பத்திரிகையைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் பாதத்துல வெச்சுட்டு வாங்க” என்று மாமியார் உத்தரவு. காரில் போகலாம் என்றான் பையன். “கார் வாடகைல ரெண்டு பவானி ஜமுக்காளம் வாங்கலாம்டா மாப்ளே” என்று எனக்குள் இருந்த பி.காம். பேசியது.

அதிகாலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினோம். நாமக்கல் வரைக்கும் ஹைவே. டாப் கியரில் போட்டால் அதுபாட்டுக்குப் போகும். கியர் பாக்ஸ் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது.

நாமக்கல்லில் டீ குடித்தோம். 1997 ஜனவரி முதல் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். வெளியூர்க்காரர்களுக்கு 18 அடி ஆஞ்சநேயரும் முட்டையும்தான் தெரியும். ஆனால் ஊரைச் சுற்றி வந்தால் கண்ணில் படுவதெல்லாம் லாரி, லாரி, லாரி. பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, பட்டை செட் அடிக்கும் கடை. இந்த ஊரில் கியர் தெரியாதவன் என்று யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்று காலை ஊருக்குள் அப்படி ஒருவன் டீ குடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அங்கே சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிறது. சுமார் இருபது கிலோமீட்டருக்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. பரீட்சை ஹாலில் கேள்வி நம்பர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும்.

‘கடக்’ என்றொரு சத்தம்

பத்தாவது வளைவுக்குள் என் பைக் பேச ஆரம்பித்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போதெல்லாம் ‘கடக்’. சில சமயம் ‘கர்ர்ர்... கடக்’.

“மாமா, என்ன சத்தம்?”

“மலை ஏறும்போது எல்லா வண்டியும் அப்படித்தான் மாப்ளே.”

(தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்வதற்குத்தான் அக்கா புருஷன் என்ற பதவியே இருக்கிறது.)

நான் ஓட்டிய லட்சணம் இதுதான். வளைவுக்குள் நுழைவேன். வண்டி திணறும். பாதி வளைவில், வண்டி சாய்ந்திருக்கும்போதே, கிளட்சை அரைகுறையாகப் பிடித்து, கால் நுனியால் லேசாக ஒரு தட்டு. கியர் விழும், அல்லது விழாது. விழாவிட்டால் இன்னொரு தட்டு. அப்புறம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி ஒரு உறுமல். ஊரில் ஏழு வருஷமாக இப்படித்தான் ஓட்டினேன். சிக்னலுக்கு சிக்னல் இதே கதை. ஊரில் ரோடு மன்னித்துவிடுகிறது. மலை மன்னிப்பதில்லை.

மேலே போனால் வேறு உலகம். செம்மேட்டில் வல்வில் ஓரி வில்லோடு சிலையாக நிற்கிறார். கடையேழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையின் ராஜா. அவர் குதிரைக்கும் ஓரி என்றே பேராம். “கொடுத்து வெச்ச மனுஷன் மாமா. குதிரைக்கு கியர் கிடையாது” என்றான் மைத்துனன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கோயிலில் பத்திரிகையை வைத்து அர்ச்சனை செய்தோம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி என்றதும் இருவருமே ஒருமனதாக, “கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கலாம்” என்று தீர்மானம் நிறைவேற்றினோம். சோளக்காட்டில் அன்னாசியும் மிளகும் வாங்கினோம். மதியம் இரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம்.

வளைவு 51

இறங்குவதற்கு என்ன கஷ்டம்? பெட்ரோல் மிச்சம் என்று மூன்றாவது கியரில் விட்டேன். வேகம் கூடியது. பிரேக்கைப் பிடித்தேன். விட்டேன். மறுபடி பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டுவதற்குள் கருகல் வாசனை. பின் பிரேக்கை மிதித்தால் ஈரத்துணியை மிதிப்பதுபோல் இருந்தது.

சரி, இரண்டாவது கியருக்கு வருவோம் என்று தட்டினேன். விழுந்தது. வண்டி கொஞ்சம் அடங்கியது. வளைவு நெருங்க, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடினேன்.

‘டக்.’

அவ்வளவுதான். பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை விட்ட மாதிரி வண்டி பாய்ந்தது. இன்ஜின் சத்தம் சட்டென்று சாதுவாகிவிட்டது. கியர் இல்லை. மூன்று விநாடி இருக்கும். அதற்குள் என் மனைவியின் முகம், மாமியாரின் முகம், மண்டப அட்வான்ஸ் ரசீது எல்லாம் வந்து போயின. இரண்டு பிரேக்கையும் பிடித்து, பள்ளம் இல்லாத பக்கமாக ஒடித்தேன். சாலையோர மண்ணில் சறுக்கி, பாறைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அன்னாசி உருண்டு போய் வளைவு 50-ஐப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

மைத்துனன் மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினான். “மாமா, காருக்கு நான் பாதி போட்டிருப்பேன்” என்றான். குரல் நடுங்கியது. எனக்குப் பதில் சொல்லக் குரலே வரவில்லை.

பின்னால் வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று, முனகிக்கொண்டே நிதானமாக வந்து நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பிரேக் டிரம்மைத் தொடாமலே கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எந்த கியர்லங்க ஏறுனீங்க?”

“ரெண்டு... சில இடத்துல ஒண்ணு.”

“எதுல இறங்கறீங்க?”

நான் தலையைக் குனிந்தேன்.

“ஏறின கியர்லயே இறங்கோணுங்க. பிரேக்கு நிறுத்தறதுக்கு. இறக்கறதுக்கு இன்ஜினுதான்.”

பத்து வார்த்தை இருக்குமா? காரவள்ளியில் போர்டு எழுதி மாட்டலாம். பிரேக் ஆறுகிற வரை அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மீதி ஐம்பது வளைவையும் முதல் கியரிலேயே இறங்கினோம். அது மட்டும் நழுவாமல் பிடித்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம்கூட அதைவிட வேகமாகப் போகும்.

தேய்ந்த பல்

நாமக்கல்லில் ஒரு சந்துக்குள் அந்த பைக் பட்டறை. மெக்கானிக் அண்ணன் சிறு வயதில் லாரி கிளீனராக இருந்தவர். வண்டியை ஸ்டார்ட் செய்யவே இல்லை. என் இடது ஷூவைத்தான் முதலில் பார்த்தார்.

“ஆபீஸ் போறவருங்களா?”

“போயிட்டிருந்தேன்.”

“ஷூ மேல கோடே இல்லீங்களே தம்பி. ஏழு வருஷம் கியர் போட்டவன் ஷூ இப்படிப் பளபளன்னு இருக்காதுங்.”

பிடித்துவிட்டார்! கியர் போடும் எல்லோருக்கும் இடது ஷூவின் மேல்தோல் உரியும். பாலிஷ் போன ஷூவோடு ஆபீஸ் போனால் ஆடிட்டர் முறைப்பார். அதனால் நான் கால் நுனியால், பட்டும் படாமலும் தட்டப் பழகினேன். ஷூ பிழைத்தது. கியர் பாக்ஸ் செத்தது. வரவு ஒரு டப்பா பாலிஷ். செலவு என்ன என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆயிலை வடித்தார். வெயிலில் காட்டினார். ஆயிலில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. “இது உங்க கியருங்க. கரைச்சுக் குடிச்சிருக்கீங்க.”

பெரும்பாலான பைக்குகளில் கியர் பாக்ஸ் இன்ஜினுக்குள்ளேயே இருப்பதால், இன்ஜினை இறக்கி இரண்டாகப் பிளந்தால்தான் அதைப் பார்க்க முடியும். வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் சேலம் வந்தோம். அடுத்த சனிக்கிழமை தனியாகப் போனேன். ஒரு பல் சக்கரத்தைத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நம்மில் பலர் நினைப்பது என்ன? கியர் மாற்றும்போது ஒரு பல் சக்கரம் விலகி இன்னொன்றோடு போய்ச் சேர்கிறது என்று. இல்லையாம். உள்ளே எல்லா ஜோடிகளும் எப்போதும் ஒன்றோடொன்று பல் பொருந்தியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு ஜோடிதான் ஒரு சமயத்தில் வேலை செய்யும். மற்றவை அச்சின் மேல் சும்மா சுழலும். எது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது, சக்கரத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த முளைகள். ‘டாக்’ என்பார்கள். பக்கத்துச் சக்கரத்தில் அதற்கு ஏற்ற பள்ளம். நாம் காலால் அழுத்தினால் ஒரு உருளை திரும்பும். அதன் தடத்தில் ஓடும் கவை, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். முளை பள்ளத்தில் போய் உட்காரும். கியர் விழுந்தது!

அண்ணன் இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, விரல் முட்டிகளை ஒன்றின் இடுக்கில் ஒன்றாகப் பொருத்திக் காட்டினார். “முழுசா உக்காந்தா யாரும் பிரிக்க முடியாதுங்.” பிறகு முட்டி நுனிகள் மட்டும் படும்படி வைத்தார். “நீங்க தட்டற தட்டுல இப்படித்தான் நிக்கும். அப்ப ஆக்ஸிலரேட்டரை முறுக்குனா?” முட்டிகள் உரசி வழுக்கின.

புதுச் சக்கரத்தில் முளையின் விளிம்பு கத்தி மாதிரி கூராக, உள்பக்கம் லேசாகச் சாய்வாக இருக்கும். பாரம் ஏற ஏற ஒன்றையொன்று இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும். என் கையில் இருந்த சக்கரத்தின் முளைகள் ஓரம் மழுங்கி, பாதி சப்பிய கமர்கட் மிட்டாய் மாதிரி இருந்தன. உருண்டையான விளிம்பு இழுக்காது. வெளியே தள்ளும். ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது, முளையின் ஒரு பக்கத்தில் பாரம். இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது, மறு பக்கத்தில் பாரம். ஆக்ஸிலரேட்டரை மூடிய அந்தக் கணத்தில் பாரம் பக்கம் மாறியது. மழுங்கிய முளை வழுக்கியது. வளைவு 51.

அடுத்து கவையைக் காட்டினார். அதன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீலம் பாரித்திருந்தது. “கியர் லீவர் மேலேயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டுவீங்களே?” இதுவும் நிஜம். அடுத்த கியருக்கு ரெடியாக இருப்பதாக எனக்கு நினைப்பு. ஆனால் காலின் எடை முழுக்க அந்தக் கவையைச் சக்கரத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கிறது. கவை தேய்ந்தால் சக்கரத்தை முழு தூரம் தள்ளாது. முளை முழுசாக உட்காராது. மறுபடி அதே கதை!

அண்ணன் சொன்ன பஞ்ச சீலம்

டீ வந்தது. அண்ணன் சொன்னதை பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆபீஸ் போகும் தம்பிகள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

1. ஆக்ஸிலரேட்டரை மூடு, கிளட்சை முழுசாகப் பிடி, லீவரை முட்டும் வரை ஒரே அழுத்தாக அழுத்து, காலை எடு, கிளட்சை நிதானமாக விடு. அடிக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். அழுத்த வேண்டும். காலை முழுசாக எடுத்தால்தான் உள்ளே இருக்கும் கொக்கி அடுத்த கியருக்குத் தயாராகும்.

2. கியர் குறைப்பதை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு கியராக, வேகத்துக்குத் தகுந்தபடி. நாலிலிருந்து ஒன்றுக்கு ஒரேயடியாகத் தாவினால், கிளட்சை விடும்போது பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

3. கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி வேண்டும். லீவர் நுனியில் ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டு வரை சும்மா ஆட வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்க்கவும். அதிகம் தளர்ந்தால் கிளட்ச் முழுசாகப் பிரியாது, கியர் கடகடக்கும். தளர்ச்சியே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கித் தீய்ந்துவிடும்.

4. பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் வழுக்கலுக்கான சரக்கு கலந்திருந்தால் கிளட்ச் பிடிக்காது. டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ இருக்கிறதா பார்க்கவும். அளவு குறையாமல், காலம் தவறாமல் மாற்றவும்.

5. சிக்னலில் நியூட்ரல் விழவில்லை என்றால் உதைக்கக் கூடாது. வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டினால் முளைக்குப் பள்ளம் கிடைக்கும். தானாக விழும்.

“இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்தானே அண்ணே?” என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு வரும் புது பைக்குகளில் பெரும்பாலும் பெட்ரோலைத் தெளிப்பது கம்ப்யூட்டர்தானாம். கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கினால் அது தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். ஆக, உயிரும் மிச்சமில்லை, பெட்ரோலும் மிச்சமில்லை!

ஓரத்தில் அண்ணனின் பழைய புல்லட் நின்றது. 1955-லிருந்து சென்னையில் உருவான வண்டி. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேராத தனிப் பெட்டி. ‘நியூட்ரல் ஃபைண்டர்’ என்று தனியாக ஒரு குட்டி லீவர் வேறு. முதல் கியரைத் தவிர எந்த கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வந்துவிடும்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க” என்றார். சந்து முனைவரை போவதற்குள் மூன்று தடவை கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்து, ஒரு தயிர்க்காரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. ஒவ்வொரு கியரையும் யோசித்து யோசித்துப் போட்டிருந்தேன். ஒரு தடவைகூட ‘கடக்’ இல்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் கால் கவனமாக இருந்தது. அண்ணன் எதற்காக அனுப்பினார் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுபடியும் மலை

பில் வந்தது. இரண்டு சக்கரம், அதன் ஜோடிகள், கவை, கேஸ்கட், ஆயில், கூலி. தேய்ந்ததற்குப் பக்கத்தில் புதுசை மட்டும் போட்டால் பழசு அதையும் தின்றுவிடுமாம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். மொத்தத்தில் என் ஒரு மாத வீட்டு வாடகைக்குக் கொஞ்சம் மேல். இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசித்தேன். தேய்மானம் என்று எழுத மனசாட்சி இடம் தரவில்லை. இது தேய்ந்தது அல்ல. நான் தேய்த்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சேலம் திரும்பவில்லை. காரவள்ளிக்குப் போனேன். தனியாகத்தான். இருபது வளைவு ஏறினேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மூடு, பிடி, அழுத்து, எடு, விடு. வண்டி சத்தம் போடாமல் ஏறியது. இருபதில் திரும்பி, இரண்டாவது கியரில் இறங்கினேன். ஒவ்வொரு தடவை ஆக்ஸிலரேட்டரை மூடும்போதும் வயிறு ஒரு கணம் இறுகியது. கியர் நழுவவில்லை. இன்ஜின் ஒரு முனகலோடு வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தது. பிரேக்கை வளைவில் மட்டும்தான் தொட்டேன். கீழே வந்து, டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெதுவெதுப்பு மட்டுமே இருந்தது.

மாப்ளே, இப்ப வர்றியா என்று போன் செய்தேன். “கல்யாணத்துக்கப்புறம் பார்த்துக்கலாம் மாமா” என்றான். நியாயம்தானே?

ஐப்பசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு, அந்த மஞ்சப்பையில் இருந்த பத்திரிகையில் ஒன்றைக் கொடுத்திருந்தேன். வந்திருந்தார். மொய்க் கவர் கொடுத்தார். கூடவே என்னிடம் தனியாகத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால், அந்த மழுங்கிய பல் சக்கரம்!

இப்போது இந்தக் கட்டுரை எழுதிய காகிதங்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருப்பதற்கு அதுதான் மேலே உட்கார்ந்திருக்கிறது. என் இடது ஷூவில் மேல்தோல் நன்றாக உரிந்துவிட்டது. பாலிஷ் போடுவதில்லை.